இந்தியக் கவிதைகளில் இயற்கை எவ்வாறு இறைத்தேடலின் குறியீடாகிறது?

முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரு பறவைகள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று பழத்தை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்திருக்கிறது. இவை உயிரும் இறையும் என்று பொருள் விளங்கியவுடன் பறவைகளின் பணி முடிந்துவிடுகிறது. குறியீடு என்றதும் பலரும் இத்தகைய உருவகத்தையே நினைக்கிறார்கள். பக்திக் கவிதையில், குறிப்பாக நம்மாழ்வாரிடத்தில், இயற்கை இதனினும் ஆழமான இடத்தைப் பெறுகிறது என்பதே என் கருத்து.

அவர் பாடிய திருவாய்மொழியின் இரண்டாம் பத்தின் தொடக்கத்தில், தலைவியின் நிலையில் நின்று பாடும் ஆழ்வார், கடற்கரையில் உறங்காமல் நிற்கும் நாரையைக் காண்கிறார். அது இரைக்காக விழித்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தலைவிக்கோ அதன் வெண்மை, பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றமான பசலையாகத் தோன்ற, 'நீயும் திருமாலால் நெஞ்சம் கோட்பட்டாயே' என்று இரங்கிக் கேட்கிறாள். அன்றில், கடல், வாடை, மேகம், ஒளி மழுங்கிய மதி, இருள், கழி, நந்தா விளக்கு என ஒவ்வொன்றாக அவளுடைய துயரில் பங்கேற்கின்றன. பத்தாம் பாட்டில்தான் அவள் இறைவனையே நோக்கி, 'இனியெம்மைச் சோரேலே' என்கிறாள். நெய்தல் என்னும் கடற்கரை நிலத்துக்கு, பிரிவால் வருந்தும் இரங்கலே உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, என்னும் சங்க மரபு கேட்பவர் மனத்தில் முன்பே ஊறியிருந்ததால், கடற்கரையைக் காட்டிய அளவிலேயே பிரிவு புலப்பட்டுவிடுகிறது. ஆழ்வார் அந்தப் பிரிவுக்குரிய தலைவனை மட்டும் மாற்றியமைக்கிறார். நாரை கடைசிவரை நாரையாகவே நிற்கிறது. இந்தப் பதிகத்தின் பேரழகு எனக்கு அதில்தான் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் வசனங்கள் என்னும் பக்திப் பாக்களைப் பாடிய அக்கமகாதேவியும் கிளிகளையும் குயில்களையும் அன்னங்களையும் விளித்து, தன் சென்னமல்லிகார்ச்சுனனாகிய சிவனைக் கண்டீர்களா என்று கேட்கிறார். அங்கே பறவைகள் அவனைக் கண்டிருக்கக்கூடிய சாட்சிகள். ஆழ்வாரிடத்தில் அவை உடன் வருந்துபவை. இறையை நேரே உணரும் அனுபவத்தைக் குறிக்கும் மறைஞானம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அடக்கிவிட்டால் இவ்வேறுபாடு மறைந்துபோகும்.

ஆண்டாளின் 'ஆழி மழைக்கண்ணா' இன்னும் வியப்பானது. மேகம் ஊழி முதல்வனின் உருவம்போல் கறுத்து, அவன் கைச் சக்கரம்போல் மின்னி, வலம்புரிபோல் அதிர்ந்து, அவன் வில் சொரிந்த அம்புகளைப்போல் பெய்யவேண்டும் என்கிறார். இப்பாட்டில் நேரடியாக வேண்டப்படுவது மழை, அதற்கு உவமையாக வருபவன் இறைவன்.