டிஸ்க் பூட்டிய மொறிஸ் மைனர்: சூடேறும் முன் சில்லுகளும் தாழ்ந்துபோகும் பெடலும்

கேள்வி: ஐயா, அப்பா பாவித்த 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் என்னிடம் இருக்கிறது. முன் சில்லுகளின் டிரம் பிரேக்கை அகற்றிவிட்டு, இங்கிலாந்திலிருந்து தருவித்த டிஸ்க் பிரேக் தொகுதியைப் பூட்டினோம். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான். அதற்குப் புதிய றப்பர்கள் போட்டோம். இப்போது ஆறேழு கிலோமீற்றர் ஓடியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கார் இறுகுகிறது. முன் சில்லுகள் இரண்டும் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுகின்றன. பெடலோ முதல் மிதியில் தரைக்குக் கிட்டப் போய், இரண்டாவது மிதியில்தான் மேலே கெட்டியாக நிற்கிறது. கார் இறுகி நிற்கும்போதும் இப்படித்தான். முன்பைவிடப் பலமாகவும் மிதிக்க வேண்டியிருக்கிறது. சேர்வோ பூட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார் மெக்கானிக். மார்கழியில் குடும்பத்தோடு நுவரெலியா போக எண்ணியிருக்கிறோம். என்ன செய்யலாம்? (வாசகர், கோப்பாய்)

பதில்: மிதிக்கும் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் கருவியான சேர்வோவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று முறைப்பாடுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அது மருந்து, அதுவும் கடைசியாகக் கவனிக்க வேண்டியதற்கு. பெடல் தாழ்ந்துபோவதை அது குறைக்காது. சில்லு இறுகுவதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அதைப் பூட்டினால், இறுகுவது பழைய கோளாறாலா புதிய சேர்வோவாலா என்று பிரித்தறிவதும் கடினமாகிவிடும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவிய வரி, கார் இறுகி நிற்கும்போதும் பெடல் தாழ்கிறது என்பதுதான். முன் பிரேக் பட்டைகள் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும் வேளையில் அவற்றுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி இருக்க முடியாது. ஆகவே முதல் மிதியில் வீணாகும் ஒயில் முன்பக்கத்தில் வீணாகவில்லை. நீங்கள் கை வைக்காமல் விட்ட பின்பக்கத்தில்தான் அநேகமாக வீணாகிறது. உங்கள் காரில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒரே நாளில் வெளிப்பட்ட இரண்டு கோளாறுகள். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் சூடு. டிரம் பிரேக்கில் லைனிங்குகளைப் பின்னுக்கு இழுக்கப் பலமான ஸ்பிரிங்குகள் உண்டு. பெடலை விட்டதும் அவை ஒயிலை முழுவதுமாகத் திருப்பித் தள்ளிவிட்டால், சில்லுச் சிலிண்டர்களின் றப்பர்கள் தளர்ந்து காற்று உள்ளே புகும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கவே அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில் ஒரு சிறிய வால்வை வைத்தார்கள். மிதி விட்ட பின்பும் குழாய்களில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல்) அழுத்தத்தை அது தேக்கி வைத்திருக்கும். டிரம்முக்கு அது பொருட்டல்ல, ஸ்பிரிங் அதை வென்றுவிடும். டிஸ்க் பிரேக்கிலோ அப்படி இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பட்டைகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரினுள் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு றப்பர் மிதிக்கும்போது சற்று முறுகி, விட்டதும் தன் பழைய நிலைக்குத் திரும்புகையில் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு எடுக்கும், அவ்வளவுதான். பிஸ்டனின் விட்டம் 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்த 10 பிஎஸ்ஐ அழுத்தம் ஒவ்வொரு பட்டையையும் சுமார் 31 இறாத்தல், அதாவது 14 கிலோ பாரத்தால் ஓயாமல் டிஸ்க்கோடு அழுத்திக்கொண்டிருக்கும். ஆறு கிலோமீற்றரில் சில்லு சுடுவதற்கு இது போதும். றப்பர் மாற்றும் தொகுதியோடு பெரும்பாலும் அந்த வால்வும் புதிதாக வரும். உங்கள் மெக்கானிக் பழையபடியே அதையும் ஒழுங்காகப் பூட்டியிருப்பார். வேலையில் பிழையில்லை, அந்த வால்வுக்கு இனி அங்கே இடமில்லை என்பதுதான் விடயம்.

ஆனால் இதே நோய்க்குறியைத் தரும் இன்னொரு காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்தறியப் பணச் செலவு இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. காலையில், கார் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, முன் சில்லுகள் இரண்டையும் ஜாக்கில் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துங்கள். பெடலை ஒருமுறை மிதித்து விடச் செய்து, கையால் சில்லைச் சுற்றிப் பாருங்கள். உடனேயே இறுக்கமாக இருந்து, காலிப்பரில் உள்ள காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் சில துளி ஒயில் வெளிவந்து சில்லு இலகுவாகச் சுழன்றால், குற்றவாளி அந்த வால்வுதான். குளிர்ந்திருக்கும்போது இலகுவாகச் சுழன்று, ஓடிச் சூடேறிய பின் மட்டும் இறுகினால், காரணம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் விடவில்லை என்றால், அது ஒயில் சம்பந்தப்பட்டதே அல்ல. பட்டைகள் காலிப்பரின் பள்ளத்தில் சிக்கியிருக்கும் அல்லது காலிப்பர் டிஸ்க்குக்கு நேராக அமராமல் சரிந்திருக்கும். ஒரு சில்லு மட்டும் இறுகினால் அந்தப் பக்கத்து றப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொள்வது பழைய ஹோஸ்களின் குணம்.

சூடேறிய பின் மட்டும் இறுகுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று இதில் கலந்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னுக்கு வந்து நிற்கும்போது, அதன் முன் றப்பருக்குச் சற்று முன்னால் ஊசிமுனை அளவில் ஒரு துளை திறந்திருக்கும். சூட்டில் விரியும் ஒயில் அந்தத் துளை வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்புகிறது. துளை மறைந்தால் விரிந்த ஒயிலுக்குப் போக்கிடமில்லை. அழுத்தம் கூட, உரசல் கூட, சூடு இன்னும் கூடி, கடைசியில் கார் நகராமல் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். துளை மறைவதற்கு முதற்காரணம், பெடலோடு சேர்ந்த தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் தளர்வு இல்லாமை. அங்கே குறைந்தது 0.8 மில்லிமீற்றர் வெறும் அசைவு இருக்க வேண்டும். மைனரில் பெடல் தண்டு தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அந்த இடத்தில் புதிதாகப் போட்ட தடித்த றப்பரோ கம்பளமோ பெடலை முழுவதும் மேலெழ விடாமல் பிடித்திருப்பதையும் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது காரணம் மண்ணெண்ணெய். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு நன்கு தெரியும். எஞ்சினுக்கு அது உயிர் கொடுத்தது. அந்த நாளிலிருந்து எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் வழக்கமும் பல கராஜ்களில் ஊறிப்போயிற்று. பிரேக் உறுப்புகளை மட்டும் அதில் கழுவவே கூடாது. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், கிறீஸ் எதுவாயினும் பிரேக் றப்பரை ஊதச் செய்யும். ஊதிய முன் றப்பர் அந்த ஊசித்துளையை மூடிக்கொள்ளும். கழுவுவதற்கு மெதிலேற்றட் ஸ்பிரிட் அல்லது புதிய பிரேக் ஒயிலே போதும். பூட்டிய றப்பரைக் கழற்றி, பாவிக்காத புதிய றப்பர் ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பு மென்மையாகி, சற்றுப் பெருத்து, விரலில் ஒட்டுவதுபோல் இருந்தால் சந்தேகம் வேண்டாம். அப்படி மாசுபட்ட பிரேக் ஒயில் பட்ட எல்லா றப்பர்களையும், ஹோஸ்கள் உட்பட, மாற்றத்தான் வேண்டும்.

வால்வுதான் காரணமென்று உறுதியானால் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அதை எடுத்துவிட வேண்டும்; அது வெளிவாயின் உட்புறத்தில், ஸ்பிரிங்கின் முனையில் அமர்ந்திருக்கும். ஸ்பிரிங்கைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். ஆனால் எடுத்ததோடு வேலை முடியவில்லை. மற்றப் பல கார்களில் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் அறையில் உயரத்தில் இருக்கும். மைனரில் அது சாரதியின் காலடியில், சட்டத்தினுள் இருக்கிறது. அதன் ஒயில் மட்டம் காலிப்பரைவிட உயரமாக இல்லாததால், வால்வே இல்லாமல் விட்டால் கார் நிற்கும்போது ஒயில் மெல்லப் பின்வாங்கக்கூடும். ஆகவே முன் குழாயில் 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்றையும், இன்னும் டிரம் பிரேக்காகவே உள்ள பின் குழாயில் 10 பிஎஸ்ஐ வால்வு ஒன்றையும், அம்புக்குறி சில்லுப் பக்கம் பார்க்கும்படி பூட்டுவதே சரியான முறை.

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டுகளை உருவ முயன்றால், பக்கத்தில் ஓடும் டோர்ஷன் பார் (முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குறுக்கே நின்று வழிவிடாது. முதல் தடவை நான் அரை நாள் இதோடு மல்லுக்கட்டினேன். டோர்ஷன் பாரைத் தளர்த்தி ஒதுக்கித்தான் எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை மறுபக்கத்திலிருந்து, தலைமாறிச் செருகிவிடுங்கள். அடுத்த முறை பத்து நிமிட வேலையாக முடியும்.

இனி பெடல். இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் துளை 7/8 அங்குலம். அதன் பரப்பு ஏறத்தாழ 3.9 சதுர சென்ரிமீற்றர். காலிப்பருக்கு இரண்டாக முன்பக்கத்தில் நான்கு பிஸ்டன்கள் என்றால், 2 அங்குலக் கணக்கில் அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 81 சதுர சென்ரிமீற்றர். நான்கும் வெறும் 0.1 மில்லிமீற்றர் நகர மாஸ்டர் பிஸ்டன் 2 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்து என்று கொண்டால் காலடியில் அது ஒரு சென்ரிமீற்றர். டிரம் இருந்த காலத்தில் பின் பிரேக் சற்றுத் தளர்ந்திருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரால் சமாளிக்க முடிந்தது. இப்போது டிஸ்க் தன் பங்கை எடுத்த பிறகு, அந்தத் தளர்வுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை.

உறுதிப்படுத்த, பின் அச்சுக்குப் போகும் றப்பர் ஹோஸை அதற்கென்றே உள்ள மழுங்கிய வாய்க் கிளாம்பினால் நசித்து அடைத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பல்லுள்ள குறடுகளை நேரே வைத்தால் ஹோஸ் உள்ளே கிழியும். முதல் மிதியிலேயே பெடல் மேலே கெட்டியாக நின்றால் தளர்வு பின்னால்தான். கைப்பிரேக்கை முழுவதும் விட்டு, அதன் கேபிள்கள் இழுபட்டு நிற்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு, டிரம்மிலுள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரைவிட்டு அட்ஜஸ்டரை வலஞ்சுழியாக, சில்லு பிடிக்கும்வரை திருப்பி, ஒரு பல்லு மட்டும் பின்னுக்கு எடுங்கள். அட்ஜஸ்டர் எவ்வளவு திருப்பியும் பிடிக்கவில்லையானால் லைனிங் தேய்ந்துவிட்டது அல்லது டிரம் அளவுக்கு மீறிக் கடையப்பட்டிருக்கிறது.

கிளாம்ப் போட்டும் பெடல் தாழ்ந்தால் காலிப்பர்களின் நிப்பிளைப் பாருங்கள். அது பிஸ்டனுக்கு மேலே இருக்க வேண்டும். இடமும் வலமும் மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். எத்தனை போத்தல் ஒயில் ஊற்றிக் காற்றெடுத்தாலும் மேலே தேங்கிய காற்று வெளியே வராது. நன்கு அனுபவமுள்ளவர்களும் செய்யும் தவறு இது. வலப்பக்க ஸ்டியறிங் உள்ள எங்கள் கார்களில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்ற வரிசையில் காற்றெடுங்கள். முன்பக்கம் இறுகுவது தீர்ந்த பிறகு, நேராக ஓடும்போது நன்றாயிருந்த பெடல் ஒரு வளைவைக் கடந்ததும் தாழ்ந்தால், அப்போது சில்லின் நடுவிலுள்ள ஹப்பின் பேரிங் ஆட்டத்தையும் டிஸ்க்கின் நெளிவையும் அளக்க வேண்டும். டயல் கேஜில் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் காட்டினால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க்கைக் கடைவது பிறகு. முன் சில்லு திரும்பும் அச்சான கிங்பின்னின் ஆட்டம் இதற்குக் காரணமாகாது, ஏனெனில் டிஸ்க்கும் காலிப்பரும் சேர்ந்தே ஆடும். ஆனாலும் சில்லைக் கழற்றிய கையோடு அந்த அச்சின் கீழ் மூட்டான ட்றன்னியனுக்குக் கிறீஸ் அடித்துவிடுங்கள். அது உலர்ந்து தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழுந்த மைனர்கள் பல.

பலமாக மிதிக்க வேண்டியிருப்பது கோளாறு அல்ல. மைனரின் முன் டிரம்மில் இரண்டு லைனிங்குகளும் சுழற்சியின் திசையிலேயே இழுபட்டு, தாமாகவே பிடியைக் கூட்டிக்கொள்ளும் அமைப்பு இருந்தது. டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை; நீங்கள் கொடுக்கும் பலம் மட்டுமே அதன் பலம். மேற்சொன்ன இரண்டும் தீர்ந்து, புதிய பட்டைகள் முந்நூறு கிலோமீற்றர் ஓடிப் படிந்த பிறகும் கால் வலித்தால், அப்போது சேர்வோ நல்ல முடிவுதான்.

நுவரெலியாவைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் பிரேக்கைச் சோதிக்க இறக்கமே கிடையாது. இங்கே சரியாகத் தெரிவது றம்பொடை இறக்கத்தில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 வரை இறங்கக்கூடும். ஆகவே இந்த வேலைகளின்போது, மூடி திறந்து வைத்திருந்த போத்தலை ஒதுக்கிவிட்டுப் புதிய போத்தலையே உடைத்து ஊற்றுங்கள். முடிந்ததும் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைவரை போய், கடைசி ஒரு கிலோமீற்றரைப் பிரேக் தொடாமல் உருட்டி நிறுத்தி, நான்கு ஹப்புகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால், அந்தப் பக்கத்து ஹோஸிலிருந்து சோதனையை மீண்டும் தொடங்குங்கள். அது தீரும்வரை மலைப்பயணம் வேண்டாம்.