மிலோங்காவின் முன்வரிசை

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் போயிருந்தேன். பெர்லினில் கற்ற டாங்கோ நடனத்தை அதன் சொந்த ஊரில் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டுப் பழைய மிலோங்கா (டாங்கோ ஆடக் கூடும் இடம்) ஒன்றுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த வயதான அம்மா, "உங்களை மாதிரி வெளிநாட்டுப் பெண்கள் வந்துதான் எல்லாம் கெட்டது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் போயிருக்கவே கூடாதோ?

எம்.

அன்புள்ள எம்,

போனதில் தப்பில்லை. ஆனால் அந்த அம்மாவின் கோபத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது.

மேடை டாங்கோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நெரிசலில் காலை வீசுகிறார்கள், ஜோடிகள் இடஞ்சுழியாக நகரும் சுற்றைக் குலைக்கிறார்கள் என்பது வழக்கமான புகார். உண்மைதான், கூரான குதிகால் பட்டால் ரத்தமே வரும். ஆனால் நாலு பேர் முறைத்தால் அது சரியாகிவிடும்.

எனக்கு நாற்காலிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பழைய பாணி மிலோங்காவில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். யார் எங்கே உட்காருவது என்பதை நடத்துபவர் தீர்மானிப்பார். வருஷக்கணக்காக வருகிறவர்களுக்கு முன்வரிசை. அங்கே ஆட வரும்படி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆண் பார்ப்பார், பெண்ணும் திருப்பிப் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார், அவளும் தலையசைத்தால் எழுந்து வருவார். மூன்று நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு தாண்டா முடிந்ததும் இடையில் வேறு இசை கொஞ்சம் ஒலிக்கும். எல்லாரும் இடத்துக்குத் திரும்புவார்கள், மறுபடி கண்கள் தேட ஆரம்பிக்கும். கண்ணில் படாத நாற்காலி கிடைத்தவருக்கு அன்றைய ராத்திரி அவ்வளவுதான்.

பக்கத்து மேசை என்கிறீர்கள். அப்படியானால் அந்த அம்மாவும் கடைசி வரிசையில்தான் இருந்திருக்கிறார்.

முன்பதிவு செய்து, மது பாட்டில் வாங்கும் சுற்றுலாக் குழுவுக்குப் பல இடங்களில் நல்ல மேசை போய்விடுகிறது. அந்த அம்மாவோடு காலங்காலமாக ஆடிய கிழவர்களும் புதுமுகங்கள் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், வெளிநாட்டுப் பெண்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்பார்கள். (நன்றாகத்தான் ஆடுகிறார்கள். காரணம் அதுவல்ல என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.)

பணத்தின் கதையும் இருக்கிறது. ஐம்பதுகளின் நடுவிலிருந்து தேய்ந்துகொண்டிருந்த ஆட்டம் இது. 1983இல் பாரிஸில் அரங்கேறி 1985இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்குப் போன 'டாங்கோ அர்கெந்தினோ' நிகழ்ச்சிதான் வெளியுலகை மறுபடி இதன் பக்கம் இழுத்தது. உள்ளூர் இளைஞர்களும் அதன் பிறகு திரும்பி வந்தார்கள். டாலருக்கு ஒரு பெசோ (அர்ஜென்டினா நாணயம்) என்ற கட்டு 2002 ஜனவரியில் அறுந்து, சில மாதங்களில் டாலர் மூன்று பெசோவைத் தாண்டியது. வெளியூர்க்காரருக்கு ஊரே மலிவானது, கூட்டம் குவிந்தது. அந்தக் கூட்டம் கொடுக்கும் கட்டணம் இல்லாமல் வாரநாள் மிலோங்காக்கள் பல வாடகை கட்டத் திணறும். இது அந்த அம்மாவுக்கும் தெரியாமல் இருக்காது.

ஆகவே என் கோபமெல்லாம் நடத்துபவர்மேல்தான். புதிதாக வந்த உங்களைப் பின்னால் வைத்தது நியாயம். அந்த அம்மாவையும் அங்கே தள்ளியது அநியாயம்.

அடுத்த முறை போனால் குழுவோடு போகாதீர்கள். காசு கொடுத்து ஆட ஆள் அமர்த்திக்கொள்ளவும் வேண்டாம், ஏற்கெனவே ஆண்கள் குறைவு. ஒரே மிலோங்காவுக்கு வாராவாரம் போங்கள். அந்த நகரின் வில்லா உர்கிசா பகுதியில் சண்டர்லாண்ட் கிளப்புக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூடைப்பந்துத் தளத்தைச் சுற்றி மேசை போட்டு உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கும். அங்கே யாரும் உங்களைக் கூப்பிடாவிட்டாலும் பொழுது வீணாகாது.