நைரோபிக்கு முதல் பயணம்: எங்கே தங்குவது, எப்படிப் பணம் கொடுப்பது, எதற்குப் பயப்படுவது

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் பத்து நாள் நைரோபி போகச் சொல்லியிருக்கிறார்கள். வேலை வெஸ்ட்லாண்ட்ஸ் பகுதியில். மனைவியும் கூட வருகிறார். இருவரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. 'இருட்டினால் வெளியே தலை காட்டாதே' என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கே தங்கலாம்? டாலராகக் கொண்டுபோவதா, கார்டா? பஸ்ஸில் போகலாமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாததால்தான் மொத்தமும் பயமாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தங்கும் இடத்தைத் தப்பாகப் பிடித்ததாலோ, வேளை கெட்ட வேளையில் ரோட்டில் நின்றதாலோ, போனை அசட்டையாகக் கையில் வைத்திருந்ததாலோதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன், ஊரிலேயே முடிக்க வேண்டிய ஒரு வேலைக்குக் கெடு இருக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யாவில் பொதுவாக இதைக் கேட்பதில்லை என்பதால் பலர் போட்டுக்கொள்ளாமலே கிளம்பிவிடுகிறார்கள். வம்பு வருவது திரும்பும்போது. கென்யாவில் அந்த நோய் உண்டு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் தாராளமாக இருக்கிறது, கிருமி மட்டும்தான் இன்னும் வரவில்லை. அதனால் இந்திய விமான நிலையத்தில் இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே பிடித்து வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். இந்த ஊசி போட அனுமதி பெற்ற மையங்கள் குறைவு என்பதால் முன்கூட்டியே நாள் வாங்கிவிடுங்கள். போலியோ சொட்டு மருந்து வேண்டுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இந்த ஊசி மருந்து கோழி முட்டைக் கருவில் வளர்த்து எடுப்பது. உங்கள் விரதத்துக்காக இதைச் சொல்லவில்லை, முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதில் ஆன்லைனில் இ.டி.ஏ. எனும் மின்னணு அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் 30 டாலரை ஒட்டி. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் ஏஜென்ட் தளங்கள் அதைவிட அதிகமாகப் பிடுங்கும், முகவரியைச் சரிபார்த்த பிறகே கார்டு எண்ணைப் போடுங்கள். இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கம் சம்பந்தப்பட்டது. செருப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில், ஊறுகாய் பாட்டிலை மூன்று கவரில் சுற்றி வைப்போமே, அது அங்கே ஆகாது. 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சட்டப்படி நாலு வருஷம் ஜெயில் வரை போகலாம். சுற்றுலா வந்தவரை யாரும் ஜெயிலில் தள்ளப்போவதில்லை என்றாலும், விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்துக் கவர்களை உருவிக்கொள்ளும்போது உங்கள் ஊறுகாய் துணிமேல் நிற்கும். துணிப்பையில் கட்டுங்கள்.

ஸ்வெட்டர் அவசியம். ஆப்பிரிக்கா என்றதும் வெயில் நினைவுக்கு வரும். ஆனால் நைரோபி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காட்டைவிட உயரம். அதிலும் ஜூலைதான் அவர்களுக்குக் குளிர்காலம். பகலிலும் மேகம் மூடியிருக்கும், ராத்திரி 11, 12 டிகிரிக்கு இறங்கும். இந்த உயரத்தால் நகருக்குள் மலேரியா பயமும் குறைவு. கடற்கரை ஊரான மொம்பாசாவுக்கோ, வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்கோ போவதாக இருந்தால் அது வேறு கதை, டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி தங்குமிடம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வேலை வெஸ்ட்லாண்ட்ஸில் என்றால் வெஸ்ட்லாண்ட்ஸிலோ, ஒட்டியுள்ள பார்க்லாண்ட்ஸிலோ தங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று நகரின் மையத்தில் ரிவர் ரோடு பக்கமோ, விமான நிலையத்துக்குக் கிட்டே என்று எம்பகாசியிலோ அறை எடுக்காதீர்கள். நைரோபியில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை, 'ஜாம் இருக்குமா' என்றுதான் கேட்பார்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் மொம்பாசா ரோடு, வையாக்கி வே எல்லாம் கார் நிறுத்துமிடம் மாதிரி ஆகிவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். 2022-இல் திறந்த எக்ஸ்பிரஸ்வே இருப்பதால் விமான நிலையத்திலிருந்து வெஸ்ட்லாண்ட்ஸ் அரை மணியில் வந்துவிடலாம். அது சுங்கச் சாலை. டிரைவர் 'மேலே போகட்டுமா, கீழேயா' என்று கேட்பார். மேலே என்றால் டோல் உங்கள் கணக்கு. தயங்காமல் மேலே போங்கள்.

பார்க்லாண்ட்ஸில் தங்கினால் சாப்பாட்டுக் கவலை முக்கால்வாசி தீர்ந்தது. குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக வாழும் பேட்டை அது. டைமண்ட் பிளாசாவின் உணவுக் கடைகளில் சாட்டும் தோசையும் கிடைக்கும். சாம்பாரில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சகித்துக்கொள்ளுங்கள். லிமுரு ரோட்டில் உள்ள சிட்டி பார்க் மார்க்கெட்டில் வெண்டைக்காய், பாகற்காய், சுரைக்காய் எல்லாம் குவிந்து கிடக்கும். பத்து நாளைக்குச் சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தால் உத்தமம். ஒன்றே ஒன்று: பல வீடுகளில் கரண்ட் ப்ரீபெய்டு. திடீரென விளக்கு அணைந்தால் அது மின்வெட்டாக இல்லாமல் 'டோக்கன்' தீர்ந்ததாகவும் இருக்கும். பணம் கட்டினால் 20 இலக்க எண் போனுக்கு வரும், அதை மீட்டரில் தட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் மீட்டர் எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

உள்ளூர்ச் சாப்பாட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். 'ந்தெங்கு' என்றால் பச்சைப்பயறுக் குழம்பு. அதோடு நம் பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் நடுவே இருக்கும் அவர்களுடைய 'சப்பாட்டி' ஒன்று போதும், மதியச் சாப்பாடு முடிந்தது. சுக்குமா விக்கி என்பது கீரைப் பொரியல், உகாலி மக்காச்சோள மாவுக் களி. கிதேரி எனப்படும் மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்ந்த கூட்டில் சில கடைகளில் இறைச்சித் துண்டு விழுந்திருக்கும். 'பிலா ந்யாமா', அதாவது கறி இல்லாமல், என்று சொல்லிக் கேளுங்கள். கோழியைப் பலர் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் 'பிலா குக்கு' என்றும் சேர்த்துச் சொல்வது நல்லது. டீ நம் ஊர்ப் பால் டீதான், ஏமாற்றாது.

பணம். டாலர் கொஞ்சம் போதும். இருவருக்கும் சேர்த்துச் சில நூறு டாலர், அதுவும் 100 டாலர் நோட்டாக, கசங்காமல், பழைய வரிசை இல்லாமல். பழைய, கிழிந்த நோட்டுகளை மாற்றும் கடைகளில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மால்களிலும் ஓட்டல்களிலும் கார்டு செல்லும். மற்ற இடமெல்லாம் எம்-பெசா, அதாவது போனிலேயே பணம் கொடுக்கும் முறை. 2007-இல் சஃபாரிகாம் எனும் செல்போன் கம்பெனி தொடங்கியது இது, நம் யுபிஐக்கு ஒன்பது வருஷம் மூத்தது. வங்கிக் கணக்கு வேண்டாம், ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி, அதே இடத்தில் எம்-பெசாவையும் திறந்துவிடுங்கள். தெருவுக்குத் தெரு பச்சைப் பெயின்ட் அடித்த சின்னக் கூண்டுக்குள் ஏஜென்ட் உட்கார்ந்திருப்பார். ரொக்கத்தைக் கொடுத்து, நம்பரைச் சொல்லி, பாஸ்போர்ட்டைக் காட்டினால் நிமிஷத்தில் எஸ்எம்எஸ் வரும். கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் 'டில் நம்பர்' ஒட்டியிருக்கும். அதைத் தட்டி, தொகையையும் பின் நம்பரையும் போட்டால் கடையின் பெயர் திரையில் வரும். பெயர் சரியா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். கடைக்காரர் தன் போனில் செய்தி வந்த பிறகே சாமானை நகர்த்துவார். தெருவில் வேர்க்கடலை விற்பவர்கூட இப்படித்தான் வாங்குகிறார்.

இதில் ஒரே ஒரு தில்லுமுல்லுதான் அடிக்கடி நடக்கிறது. 'உங்களுக்கு 3,000 ஷில்லிங் வந்திருக்கிறது' என்று ஒரு எஸ்எம்எஸ். அடுத்த நிமிஷம் ஒருவர் போன் செய்து, தவறுதலாக அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரிச் செலவு, திருப்பி அனுப்புங்கள் என்று அழுவார். பணம் வந்தே இருக்காது. இருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் துண்டித்துவிடுங்கள்.

ஆக, போன்தான் அங்கே உங்கள் பர்ஸ். நண்பர்கள் சொன்ன பயம் இங்கேதான் உண்மையாகிறது. நைரோபியில் வெளியூர்க்காரருக்கு அதிகம் நேர்வது போன் பறிப்பு. டாக்சி சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் பாதி திறந்திருக்கும், நீங்கள் மேப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஒரு கை உள்ளே வந்து போகும், அவ்வளவுதான். ஜன்னல் மூடியே இருக்கட்டும். ரோட்டோரம் நின்று வாட்ஸ்அப் பார்க்காதீர்கள், பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். வருஷம் முழுக்க அங்கே மாலை ஆறரையை ஒட்டி இருட்டிவிடும், அந்தி என்று நீண்ட பொழுதே கிடையாது. அதற்குப் பிறகு பக்கத்துத் தெரு என்றாலும் டாக்சி. இருட்டினால் வெளியே போகாதே என்பது தப்பு, இருட்டினால் நடந்து போகாதே என்பதுதான் சரி. வெஸ்ட்லாண்ட்ஸ் ஓட்டல்கள் இரவு பத்துக்கும் ஜேஜே என்று இருக்கும்.

நகர மையத்தில் ஒரு பழைய நாடகம் இன்னும் நடக்கிறது. நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் பேச்சுக் கொடுப்பார். பக்கத்து நாட்டு மாணவன், அகதி என்று கதை சொல்லிக் காபிக்குக் கூப்பிடுவார். சற்று நேரத்தில் மஃப்டி போலீஸ் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்து, 'தேடப்படும் ஆளோடு பேசினீர்கள்' என்று மிரட்டிப் பணம் கேட்பார்கள். எல்லாரும் ஒரே கூட்டம். பேச்சை வாசலிலேயே முடித்துவிடுவதுதான் வழி. நிஜப் போலீஸ் கேட்டால் காட்டப் பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். அரசுக் கட்டடங்கள், விமான நிலையம், படையினர் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். மால் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். 2013-இல் வெஸ்ட்கேட் மாலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு இது வாடிக்கை, சந்தேகப்படுகிறார்களோ என்று நினைத்துச் சங்கடப்படாதீர்கள்.

ஜூலை என்பதால் இன்னொன்று. ஜூலை 7 'சபா சபா', 1990-இல் ஜனநாயகம் கேட்டு மக்கள் திரண்ட நாள். 2024 ஜூன் 25 வரி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி மையப் பகுதிக்குப் போகும் ரோடுகளைப் போலீஸ் அடைத்துவிடுகிறது, கண்ணீர்ப்புகையும் உண்டு. அன்று அந்தப் பக்கம் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் அன்றைக்கு இருந்தால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

பஸ் கேட்டீர்கள். அங்கே பஸ் என்றால் மட்டாட்டு. மஞ்சள் பட்டை போட்ட 14 சீட் வேன்களும், உடம்பெல்லாம் படம் வரைந்து பாட்டை அலறவிடும் பெரிய வண்டிகளும் ஓடுகின்றன. எல்லாம் தனியார். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி தகரத்தில் தட்டினால் வண்டி நிற்கும், மறுபடி தட்டினால் கிளம்பும். கட்டணம் அச்சடித்ததல்ல. மதியம் 50 ஷில்லிங் என்றால் மாலை நெரிசலில் 100, மழை வந்தால் அதற்கும் மேல். ஏறும் முன் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். உங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரோடு ஒரு மதியம் வெஸ்ட்லாண்ட்ஸிலிருந்து நகர மையத்துக்கு ஏறிப் பாருங்கள், ஊரின் துடிப்பு தெரியும். தினப்படிப் போக்குவரத்துக்கு வேண்டாம். ஊபர், போல்ட், உள்ளூர் நிறுவனமான லிட்டில் எல்லாம் இருக்கின்றன. புக் செய்ததும் டிரைவர் போன் செய்து 'காஷா, எம்-பெசாவா' என்பார், எம்-பெசா என்றால் சந்தோஷம். ஆப்பில் காட்டியதைவிடக் கூடுதலாகக் கேட்பதும் நடக்கும். ஐம்பது, நூறு ஷில்லிங் என்றால் கொடுத்துவிடலாம், அதற்கு மேல் கேட்டால் வேறு வண்டி பார்க்கலாம். ஜாமில் நுழைந்து போக 'போடா போடா' எனும் பைக் டாக்சி உண்டு. ஹெல்மெட்டும் எலும்பும் உங்களுடையவை என்பதால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களை அங்கே யாரும் சுற்றுலாப் பயணியாகப் பார்க்க மாட்டார்கள். நிறத்தைப் பார்த்ததும் 'முஹிந்தி', உள்ளூர் இந்தியர் என்றே நினைப்பார்கள். 1896 முதல் 1901 வரை ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து 30,000 பேருக்கு மேல் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் ஒரு ரயில் டிப்போவாக 1899-இல் முளைத்ததுதான் நைரோபி. இந்தியர் கடைகள் நிறைந்த அன்றைய பஜார் தெருதான் இன்றைய பியாஷாரா ஸ்ட்ரீட். 2017-இல் ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனமாக அரசு அங்கீகரித்தது. இதில் சௌகரியமும் உண்டு, பழைய கசப்பும் உண்டு. வேலையாட்களை அதட்டும் முதலாளி என்று ஒரு சித்திரம் பலர் மனதில் இருக்கிறது. அதைக் கலைக்கப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். வாட்ச்மேனோ டிரைவரோ கடைக்காரரோ, 'ஹபாரி' என்று நலம் விசாரித்துவிட்டு அப்புறம் காரியத்தைச் சொல்லுங்கள். நேராக 'அது எவ்வளவு' என்று ஆரம்பிப்பது அங்கே மரியாதைக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைக்கு: நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் தேசியப் பூங்கா, சிங்கமும் காண்டாமிருகமும் அடுக்குமாடிகள் பின்னணியில் தெரியும். காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போய்விட்டால் விலங்குகளும் கண்ணில் படும், டிராஃபிக்கும் இருக்காது. பூங்கா டிக்கெட்டுக்கு வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை, முந்தின நாளே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள், ஊரிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். பூங்காவை ஒட்டியுள்ள ஷெல்ட்ரிக் யானைக் குட்டிகள் காப்பகத்தில் பார்வையாளர் நேரம் காலை 11 முதல் 12 வரை மட்டுமே, அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கு. பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும், விமான டிக்கெட் போட்ட கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.