‘நான்தான் அப்பவே சொன்னேனே!’ – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் பாபா வாங்காவின் அடுத்த வருஷ ஆரூடப் பட்டியல் வந்துவிடுகிறது. கி.பி. 5079 வரைக்கும் எழுதி வைத்திருக்கிறாராமே, நிஜமா? – ஈரோடு வாசகி

பதில்: அந்த அம்மா எதையுமே எழுதி வைக்கவில்லை, சிக்கலே அங்கேதான். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர், பல்கேரியாவில் வாழ்ந்து 1996-ல் இறந்தார். நோய், குடும்பக் கஷ்டம், போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளை என்று தேடி வந்தவர்களுக்கு வாயால் குறி சொன்னார், அவ்வளவுதான். வருஷ வாரியான பட்டியல் எல்லாம் மற்றவர்கள் அவர் பெயரில் சுற்றவிட்டது. முன்பு சுற்றிய பட்டியலில் 2010 நவம்பரில் மூன்றாம் உலகப்போர் தொடங்கும் என்று ஒரு வரி இருந்தது. இப்போது வரும் பட்டியலில் அதைத் தேடிப் பாருங்கள், சத்தமில்லாமல் தூக்கியிருப்பார்கள்.

கேள்வி: நாஸ்ட்ரடாமஸ் அப்படி இல்லையே, அவர் அச்சுப் புத்தகமாகவே போட்டாரே. ஹிட்லர் பெயரையே சொல்லியிருக்கிறார்! – தேனி வாசகர்

பதில்: அந்தப் பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஜோசியர் அச்சில் போட்டார், சரி. 1555-ல் பிரான்சின் லியோன் நகரில் முதல் பதிப்பு வந்தது. இன்று நம் கையில் இருப்பவை 942 நாலடிப் பாட்டுகள். பெரும்பாலானவற்றில் வருஷம் கிடையாது, ஆள் பெயர் கிடையாது, பஞ்சம், ரத்தம், நெருப்பு, ராஜா, நதி இவைதான் திரும்பத் திரும்ப வரும், ஐநூறு வருஷ ஐரோப்பிய வரலாற்றில் இவற்றோடு பொருந்தாத நிகழ்ச்சி எது என்று தேடினால்தான் கஷ்டம். நீங்கள் சொல்லும் சொல் ‘ஹிஸ்டர்’. அது டான்யூப் நதிக்கு லத்தீனில் இருந்த பழைய பெயர். அந்தப் பாட்டிலேயே பக்கத்து வரியில் நதிகளைக் கடப்பது பற்றித்தான் பேச்சு. ஆனாலும் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்காரர்கள் நாஸ்ட்ரடாமஸ் பெயரில் பொய்ப் பாட்டு எழுதித் துண்டுப்பிரசுரம் போட்டார்கள், பதிலுக்குப் பிரிட்டிஷ்காரர்களும் தங்கள் பங்குக்குப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஜெயிப்பதாகத்தான் அவர் சொல்லியிருந்தார்!

அவருடைய புகழுக்கு முக்கியக் காரணம் பிரான்சின் இரண்டாம் ஹென்றி ராஜாவின் சாவு. 1559-ல் ஈட்டிப் போட்டி விளையாட்டில், எதிராளியின் ஈட்டி முறிந்து முகத்தில் குத்தி, பத்து நாள் துடித்துச் செத்தார். இளஞ்சிங்கம் கிழச்சிங்கத்தை வெல்லும், தங்கக் கூண்டுக்குள் கண்ணைக் குத்தும் என்ற பாட்டை இதோடு ஒட்டினார்கள், அதுவும் ராஜாவும் நாஸ்ட்ரடாமஸும் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ராஜா சாவதற்குச் சுமார் ஒரு வருஷம் முன்பு, 1558 ஜூனில், நாஸ்ட்ரடாமஸ் தன் பாட்டுகளின் ஒரு பகுதியை அதே ஹென்றிக்குத்தான் காணிக்கையாக்கிக் கடிதம் எழுதினார். அதில் ராஜாவுக்கு அவர் கொடுத்த பட்டம் ‘வெல்லவே முடியாதவர்’.

வருஷத்தோடு அவர் சொன்ன சிலவற்றில் ஒன்று: 1999, ஏழாம் மாதம், வானத்திலிருந்து பயங்கரத்தின் அரசன் வருவான். ஜூலை வந்தது, போனது. அவனைக் காணோம்.

கேள்வி: 1962-ல் உலகம் அழியப் போகிறது என்று ஊரே பயந்ததாக என் பாட்டி சொல்வார். அப்படி என்னதான் நடந்தது? – திருவாரூர் வாசகி

பதில்: பாட்டி சொன்னது நிஜம். அஷ்டகிரக சேர்க்கை. அந்த வருஷம் பிப்ரவரி 3 முதல் 5 வரை, தை அமாவாசையை ஒட்டி, மகர ராசியில் எட்டுக் கிரகமும் ஒன்றாகக் கூடின. இந்தியா முழுக்க யாகம், பஜனை, அன்னதானம். சிலர் பயணத்தை ஒத்திப் போட்டார்கள், சிலர் கல்யாணத்தை.

எட்டு என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி – ஏழு. எட்டாவது கேது. கேது என்று வானத்தில் ஓர் உருண்டை கிடையாது, சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்று, நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் வந்தால் சூரிய கிரகணம் வரும். அப்போதும் வந்தது, போர்னியோ, நியூகினி பக்கம் முழு கிரகணம். மற்றக் கிரகங்கள் ஒரே திசையில் தெரிந்தனவே தவிர, ஒன்றுக்கொன்று கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தன. பூமி அசையவில்லை. அதே மாதம் பொதுத்தேர்தல் வந்தது, பிழைத்திருந்த ஜனங்கள் போய் ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் அக்டோபரில் சீனப் போர் வந்ததும், பார்த்தீர்களா, அதைத்தான் கிரகம் சொன்னது என்று சிலர் கிளம்பினார்கள். எட்டு மாதம் தள்ளி விழுந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் எனக்கும் ஜோசியம் வரும்.

கேள்வி: கலியுகம் எப்போது முடியும்? – மதுரை வாசகர்

பதில்: பஞ்சாங்கக் கணக்குப்படி மொத்தம் 4,32,000 வருஷம். தொடங்கியது கி.மு. 3102. போனது ஐயாயிரத்துச் சொச்சம். நீங்கள் வீட்டுக் கடனைத் தொடர்ந்து கட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஜனங்கள் ஏன் விடுவதில்லை? – கோவை வாசகர்

பதில்: 2025-ல் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். 1999-ல் வந்த ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தின் அட்டையில் ‘பெரும் பேரிடர் 2011 மார்ச்’ என்று இருந்தது, அந்த மாதமே சுனாமி வந்தது. உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. பிறகு வந்த மறுபதிப்பு 2025 ஜூலை என்றது, ஜூலை 5 என்று தேதியும் பரவியது. ஹாங்காங்கிலிருந்து சுற்றுலாக் கூட்டம் குறைந்து, விமானங்களைக்கூடக் குறைத்தார்கள். 5-ம் தேதி ஒன்றும் ஆகவில்லை. 30-ம் தேதி ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் நிலநடுக்கம், ஜப்பான் கரைக்கு ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய அலை. உடனே, ‘நாள்தான் தப்பு, மாதம் சரி’. உலகின் பெரிய நிலநடுக்கங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஜப்பானையும் அதைச் சுற்றியும் வருகிறது. அங்கே எந்த மாதத்தைச் சொன்னாலும் ஏதாவது ஒன்று கையில் சிக்கும். பலித்த ஒன்று ஞாபகம் இருக்கும், பலிக்காத நூறை யார் எண்ணுகிறார்கள்?

கேள்வி: ஜோசியரைத் திட்டுகிறீர்கள். விஞ்ஞானிகள் சொன்னது மட்டும் பலித்ததா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: நெற்றியில் அடித்த மாதிரி கேட்டுவிட்டீர்கள். பலிக்கவில்லை. 1967-ல் இரண்டு அமெரிக்கச் சகோதரர்கள், 1975-க்குள் பெரும் பஞ்சம் வரும், இந்தியாவைக் காப்பாற்ற முடியாது, உதவி அனுப்புவதே வீண் என்று புத்தகம் எழுதினார்கள். அடுத்த வருஷம் பால் எர்லிக் என்ற உயிரியல் பேராசிரியர், எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த காலம், அதற்குச் சற்று முன்புதான் சாஸ்திரி திங்கள் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார். அவர்கள் கணக்கில் வராதது, 1966-ல் மெக்சிகோவிலிருந்து இறங்கிய 18,000 டன் அதிக விளைச்சல் தரும் குட்டை ரகக் கோதுமை விதையும், அதற்காக மல்லுக்கட்டிய சி.சுப்பிரமணியம், எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்களும். எர்லிக் புத்தகம் வந்த அதே 1968-ல் இந்தியா கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. (உரமும் நிலத்தடி நீரும் என்ன பாடுபட்டன என்பது தனிக்கதை.)

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 1980-ல் ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் எர்லிக்கைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டார். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் – ஒவ்வொன்றும் 200 டாலருக்கு, மொத்தம் 1,000 டாலர். பத்து வருஷத்தில் பற்றாக்குறை வந்து விலை ஏறினால் அந்த வித்தியாசத் தொகை எர்லிக்குக்கு, இறங்கினால் சைமனுக்கு. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் ஐந்துமே இறங்கியிருந்தன. வேறு பத்து வருஷத்தை எடுத்திருந்தால் எர்லிக் ஜெயித்திருக்கவும் கூடும், அது சைமனின் அதிர்ஷ்டம். எப்படியோ, 1990 அக்டோபரில் சைமன் வீட்டுக்குத் தபாலில் 576 டாலர் 7 சென்ட்டுக்கு ஒரு காசோலை வந்தது. இப்படித் தேதி குறித்து, கைக்காசு வைத்து, தோற்றதும் காசோலை அனுப்பிய ஜோசியர் யாராவது இருந்தால் முகவரி அனுப்புங்கள், நானே போய்ப் பார்க்கிறேன்.