வேலையிடப் பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதினோராம் வகுப்பு மாணவர்களைப் பக்கத்துத் தொழிற்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறோம். இரண்டு வாரம் போதுமா?

பார்த்துவிட்டு வரப் போதும், கற்றுக்கொண்டு வரப் போதாது. கை பழக நூறு மணி நேரமாவது வேண்டும். மொத்தமாக அனுப்புவதைவிட, வாரம் இரண்டு நாள் வீதம் ஒரு பருவம் முழுக்க அனுப்புங்கள். ஜெர்மனியின் இரட்டை முறைப் பயிற்சியில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் தொழிலகம், மீதி நாள் பள்ளி. மூன்று வருடம்போல அப்படி ஓடும். பள்ளிக்குத் திரும்பும் அந்த நாள் முக்கியம். பட்டறையில் கண்டதற்குக் காரணம் கேட்க மாணவருக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைக்கும்.

பயிற்சிக்குப் போகும் என் மகனை மெஷினில் நிறுத்தலாமா?

என்ன மெஷின், பையனுக்கு என்ன வயது? இரண்டையும் எழுதாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? பொதுவாகச் சொல்கிறேன். ஆபத்தான வேலைக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆவது உடன்படிக்கை (1973). முழுப் பாதுகாப்பும் அந்தத் தொழிலில் முறையான பயிற்சியும் இருந்தால் 16 வயதிலிருந்து அனுமதிக்க அதில் வழி உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் மாணவப் பயிற்சியாளருக்குச் சில மெஷின்களில் இந்த வயதுத் தடையிலிருந்து விலக்கு இருக்கிறது. அங்கேயும் கொஞ்ச நேரம், விட்டு விட்டு, அனுபவசாலி பக்கத்திலேயே நிற்கும்போது மட்டும்தான். எழுத்து ஒப்பந்தமும் கட்டாயம். சுமை தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டுக்கு அந்த விலக்கே கிடையாது.

எங்களிடம் வேலை செய்வதே நாலு பேர். மாணவரை எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள், ஒரு நேரத்துக்கு ஒருவரை மட்டும். பெரிய ஆலையில் ஒரு மூலையை மட்டும் பார்க்கிற மாணவர், உங்களிடம் ஆர்டர் வருவதிலிருந்து பொருள் வெளியே போவது வரை எல்லாவற்றையும் பார்ப்பார். ஆனால் அந்த நாலு பேரில் சொல்லிக்கொடுக்கப் பொறுப்பானவர் யார் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

மாணவர் குறிப்பேட்டில் தினமும் எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும் நடைமுறையில் சிரமமாக இருக்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கினால் என்ன?

கூடாது. பொறுப்பாசிரியரே இப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு பள்ளியில் குறிப்பேடுகளைச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். அதில் ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முப்பது நாளுக்கும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து, எல்லாப் பக்கத்திலும் "லேத்தில் வேலை செய்தேன்" (லேத் என்பது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்). தொழிலகம் மூடியிருந்த வார விடுமுறைகளுக்கும் கையெழுத்து இருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு, ஒரு கம்பியைக் கொடுத்து, தடிமன் அளக்கும் கருவியான வெர்னியரில் அளக்கச் சொன்னேன். தாடைகளைக் கம்பியில் எப்படி வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. மாதம் முழுக்க அவன் செய்தது பாகங்களை எண்ணெய் போகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிய வேலை. அவன்மேல் தவறு இல்லை. முதல் வாரத்திலேயே யாராவது அந்தக் குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பையனுக்கு ஒரு மாதம் போய்விட்டது, தொழிலகத்துக்குச் சம்பளமில்லாத ஓர் ஆள் கிடைத்தது.

நல்ல பதிவு இப்படி இருக்கும்: "24 மில்லிமீட்டருக்குக் கடையச் சொன்னார்கள். 23.8 ஆகிவிட்டது. டயலைப் பார்க்காமல் திருப்பிவிட்டேன். அடுத்ததைக் கோடு எண்ணிச் செய்தேன், சரியாக வந்தது." எழுத ஐந்து நிமிடம் ஆகும். சொல்லிக்கொடுத்தவர் அன்றே படித்துக் கையெழுத்துப் போட ஒரு நிமிடம். இந்த ஆறு நிமிடத்தை ஒதுக்க முடியாத தொழிலகம் பயிற்சி தரும் இடமல்ல, அங்கே அனுப்பாதீர்கள். நீங்களும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் போங்கள். போனால் அலுவலக அறையில் உட்காராமல், மாணவர் வேலை செய்கிற இடத்துக்கே போய் நில்லுங்கள்.

உதவித்தொகை கேட்கலாமா?

கேளுங்கள். நீங்கள் வராத நாளில் அந்த இடத்தில் கூலி கொடுத்து வேறு ஆளை நிறுத்துகிறார்கள் என்றால், நீங்கள் செய்வது வேலை. அதற்குக் கூலி தரத்தான் வேண்டும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் தொழில் பழகுநருக்குப் பயிற்சிக் காலத்திலேயே மாதாமாதம் பணம் தருகிறார்கள்.

ஒப்பந்த மாதிரிப் படிவம் அனுப்பவும்.

கடிதமே இவ்வளவுதான். எந்தத் தொழில், எத்தனை மாணவர் என்று ஒரு வரிகூட இல்லை. வேறெங்கோ எழுதிய படிவத்தில் பள்ளிப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டால் அது பீரோவில் தூங்கும். தொழிலகத்துக்காரரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்த வாரம் எந்த வேலையைக் கற்றுக்கொடுப்பார்கள், கற்றுக்கொடுப்பவர் பெயர் என்ன, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது, எந்த மெஷினைத் தொடக் கூடாது என்று நீங்களே எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது.

பயிற்சியில் அடிபட்டால் யார் பொறுப்பு?

அனுப்பும் முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டிய கேள்வி இது. பள்ளியின் காப்பீடு வேலையிடத்தில் செல்லுமா, தொழிலகத்தின் காப்பீட்டில் பயிற்சி மாணவர் சேருவாரா? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

போன இடம் பிடிக்கவில்லை. இடையில் மாறலாமா?

மாறலாம். என்ன பிடிக்கவில்லை என்று சும்மா சொல்லாமல், குறிப்பேட்டின் முதல் இரண்டு வாரப் பக்கங்களோடு ஆசிரியரிடம் போங்கள்.