யூடியூப் லைவ் நின்றுபோனதா? வேறு சேனலுக்குத் தாவாதீர்கள்
வணக்கம். திருவிழா லைவில் ஒலிபெருக்கிப் பாட்டு விழுந்து காப்புரிமை ஸ்ட்ரைக் (பாட்டின் உரிமையாளர் புகாரால் சேனல் மீது விழும் தண்டனைக் குறி) வந்தது, வீடியோவை அழித்தும் லைவ் திரும்பவில்லை என்கிறீர்கள். அழித்தால் ஸ்ட்ரைக் போகாது. ஓடிக்கொண்டிருந்த லைவே நீக்கப்பட்டிருந்தால் அந்த வசதி 7 நாள் நிற்கும். ஸ்ட்ரைக் காலாவதியாக 90 நாள். அதற்கும் யூடியூப் வைத்திருக்கும் காப்புரிமைப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே காலி.

தம்பி சேனலில் ஓட்டலாமா என்று கேட்டீர்களே, வேண்டவே வேண்டாம். தடையைச் சுற்றிப் போவதாக எடுத்துக்கொண்டு அதையும் தூக்கிவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) ஸ்ட்ரைக்கைத் திறந்தால் புகார் கொடுத்தவரின் தொடர்பு கிடைக்கும். எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம், எப்படி விழுந்தது என்று சொல்லி, புகாரைத் திரும்பப் பெறும்படி பணிவாக எழுதுங்கள். புகார் தவறு என்று மறுக்கும் எதிர் அறிவிப்பு அனுப்பாதீர்கள், பாட்டு அவர்களுடையதுதானே! அப்புறம், அடுத்த லைவில் மைக்கை நாதஸ்வரக்காரர் பக்கம் வையுங்கள்.