ஒரு யூனிட் கூடினால் 243 ரூபாயா?

கேள்வி: போன தடவை 490 யூனிட்டுக்கு 1,742 ரூபாய் கரண்ட் பில் வந்தது. இந்தத் தடவை 512 யூனிட்தான், ஆனால் 2,141 ரூபாய். வெறும் 22 யூனிட்டுக்கு 399 ரூபாயா? மீட்டர் கோளாறா? ரீடிங் எடுப்பவர் வேறு நான்கு நாள் தள்ளித்தான் வந்தார்.

பதில்: மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உங்களைப் பிடித்தது 500 என்கிற எல்லை.

தமிழ்நாட்டில் 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், அதை யாரும் எடுக்கவில்லை. அடுத்த 100 யூனிட்டில்தான் விஷயம் இருக்கிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி மொத்தம் 500-க்குள் நின்றால் அந்த நூறுக்கு யூனிட் 2.35 ரூபாய், 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அதே நூறுக்கு 4.70 ஆகிவிடும், அதாவது பாதி விலைச் சலுகை மொத்தமாகப் போய் 235 ரூபாய் ஏறிவிடும். உங்கள் 399-ஐப் பிரித்துப் பாருங்கள்: இந்த 235, பிறகு 500 வரைக்குமான பத்து யூனிட்டுக்கு 6.30 வீதம் 63, அதற்கு மேல் போன பன்னிரண்டுக்கு 8.40 வீதம் 101. சரியாக வருகிறதா? 500-ல் நின்றிருந்தால் 1,805 ரூபாய், 501 என்றால் 2,048.

அதிகம் செலவழிப்பவர் அதிகம் கட்டட்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு யூனிட்டுக்காக, ஏற்கெனவே எரித்த யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதுவும் ரீடிங் எந்த நாளில் எடுக்கிறார்கள் என்பது நம் கையில் இல்லாதபோது. ஒரு நாளைக்கு எட்டு யூனிட் ஓடும் வீட்டில் நான்கு நாள் தள்ளிப்போனால் 32 யூனிட் கூடிவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அநேகமாக இதுதான். 2021 தேர்தலில் மாதாமாதம் கணக்கெடுப்பு என்று திமுக வாக்குறுதி தந்தது. அப்படி வந்தாலும் எல்லையையும் பாதியாக்கி 250-ல் வைத்தால் இதே கதைதான்.

இனிமேல் போன ரீடிங் தேதியிலிருந்து அறுபதாவது நாள் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும், கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று காட்டும்போது எடுக்க வேண்டும், நேரத்தையோ வோல்டேஜையோ எடுத்துவிடாதீர்கள். ரீடிங் தள்ளிப்போய் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் போட்டோவோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது. அங்கே தீரவில்லை என்றால் மின்வாரிய வட்ட அளவில் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஐம்பதாவது நாளே ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். போன ரீடிங்கைக் கழித்து 430-ஐத் தொட்டிருந்தால் மீதி பத்து நாளுக்கு ஏசியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.